டர்போ போச்சு என்று சொன்ன வி-கிராஸ்: இழுவை எங்கே போனது?

வண்டி இசூசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், 2017 மாடல், 2.5 லிட்டர் டீசல், ஐந்து கியர் மேனுவல், பிஎஸ்4. உரிமையாளருக்கு வீடு பொள்ளாச்சி, தோட்டம் வால்பாறை. வாரத்தில் பாதி நாள் ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற வண்டி. அவர் சொன்ன புகார் இவ்வளவுதான்: "தம்பி, மேடு ஏறவே மாட்டீங்குதுங்க. ரெண்டாங்கியர்ல அமுக்குனா ஒண்ணுமே நடக்காம இருந்துட்டு அப்புறமா மெதுவா நகருது. ஃபர்ஸ்ட் போட்டாத்தான் வளைவு ஏறுது."

இதற்கு முன் பார்த்தவர்களில் ஒருவர், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். இன்னொருவர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார். மூன்றாமவர், கம்ப்யூட்டரைக் கூடுதல் டீசல் விட வைக்கும் ட்யூனிங் பாக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். டர்போவுக்கும் லேபருக்கும் சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டுத்தான் அவர் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ நன்றாகவே இருந்தது. வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விஷயங்கள் உட்கார்ந்திருந்தன, அதில் இரண்டு ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. அதனால்தான் பார்த்தவர்கள் எல்லோரும் தப்பான இடத்துக்குப் போனார்கள். அந்த மறைப்பைப் பற்றிச் சொல்லத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மாடிஃபை செய்த டீசல் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியது.

எப்போதிலிருந்து?

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்ட வண்டி வந்தால் ஸ்கேனரை எடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து எது எப்போது போட்டது, புகார் எப்போது ஆரம்பித்தது என்று வரிசையாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். "போட்டதிலிருந்தே இப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்வார்கள், விடாமல் கேட்டால் அப்படி இருக்காது.

இவர் வண்டியில் முதலில் வந்தவை டயரும் லிஃப்டும். கம்பெனி டயர் 245/70 ஆர்16. அதை எடுத்துவிட்டு 285/75 ஆர்16 மட் டயர், வண்டியை உயர்த்த இரண்டு அங்குல லிஃப்ட். அதோடு சேர்த்து முன்னால் இரும்பு பம்பர், மாட்டிக்கொண்டால் கம்பி போட்டு இழுக்க வின்ச், மேலே ரூஃப் ரேக், பக்கத்தில் உயரத்திலிருந்து காற்று இழுக்கும் ஸ்நார்கல். இவ்வளவும் ஒரே நேரத்தில் நடந்த வேலை. போட்டவுடன் வண்டி கொஞ்சம் மந்தமானது, ஆனால் ஓட்ட முடிந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் தோட்டத்துக்குப் போகும் வழியில் திடீரென்று இழுவை செத்தது, பின்னால் கறுப்புப் புகை. அதற்கு அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பேப்பர் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கழுவி எண்ணெய் தடவிப் போடுகிற காட்டன் ஃபில்டர் போட்டிருக்கிறார். புகை குறைந்தது. "ஃபில்டர் மாத்துனதுல பாதி சரியாயிருச்சுங்க, மீதிதான் ஆகலை" என்றார்.

இந்த ஒரு வாக்கியம்தான் கேஸின் சாவி. புகை குறைந்தது, இழுவை வரவில்லை. டீசல் எஞ்சினில் புகை குறைவது நல்ல அறிகுறி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புகை இரண்டு வழியில் குறையும்: காற்று கூடினாலும் குறையும், டீசல் குறைந்தாலும் குறையும். காற்று கூடியிருந்தால் வண்டி இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் டீசல்தான் குறைந்திருக்கிறது. ஃபில்டர் மாற்றினால் டீசல் ஏன் குறைய வேண்டும்? அதைப் பிறகு பார்ப்போம்.

சட்டென்று கழித்துவிட வேண்டியவை

ஆக்சிலேட்டர் பெடலை முழுக்க அழுத்தினால் ஸ்கேனரில் நூறுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்தேன். இப்போது எல்லா வண்டியிலும் தடிமனான 7டி மேட் போடுகிறார்கள், அது பெடலுக்குக் கீழே மடிந்து நின்றால் பெடல் தரைவரை போகாது, வண்டி அரை மனதோடுதான் ஓடும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. கிளட்ச் வழுக்கினால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாது, இங்கே இரண்டும் சேர்ந்தே மெதுவாக ஏறின. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு வீலிலும் வெப்பமானி வைத்துப் பார்த்ததில் எந்த பிரேக்கும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயிலின் அழுத்தம் கம்ப்யூட்டர் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போயின, ஆகவே பம்பும் டீசல் ஃபில்டரும் குற்றவாளிகள் இல்லை.

கோட் எதுவும் இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் கோளாறைக் குறித்து வைக்கும் எண்தான் கோட். இருந்திருக்கும், ஆனால் முன்பு பார்த்த ஒவ்வொருவரும் அழித்து அனுப்பியிருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். கோட் பதிவாகும்போது அந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, லோடு என்ன, சூடு என்ன என்பதையும் கம்ப்யூட்டர் கூடவே எழுதி வைக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். தயவுசெய்து ஒரு ஃபோட்டோவாவது எடுத்து வைத்துக்கொண்டு அழியுங்கள்.

லோடில் ஓட்டிப் பார்க்காமல் எதுவும் தெரியாது

பட்டறையில் நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. லோடு இல்லாமல் டர்போ பெரிதாக அழுத்தம் கொடுக்காது, அழுத்தம் இல்லாமல் ஓட்டை பேசாது. மேட்டில், மூன்றாம் கியரில், முழு ஆக்சிலேட்டரில் எடுத்த பதிவு வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பதிவு எடுக்க வேண்டும். விடிகாலையில், போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் செய்ய வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இதைச் செய்யாதீர்கள்.

நான் பார்த்தது மூன்று எண்கள்: சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் காற்றழுத்தம், ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் மாஃப் சென்சார் சொல்லும் காற்றின் அளவு, ஆர்பிஎம். இந்த மூன்றையும் வண்டியின் சோதனை சாக்கெட்டில் சொருகும் விலை குறைந்த புளூடூத் ஓபிடி டாங்கிளே காட்டும். கம்ப்யூட்டர் எவ்வளவு அழுத்தம் கேட்டது என்று தெரிய மட்டும் நல்ல ஸ்கேனர் வேண்டும்.

2,100 ஆர்பிஎம்மில் கம்ப்யூட்டர் கேட்டது 210 கிலோபாஸ்கல். கிடைத்தது 150. வெளிக்காற்றே தொண்ணூற்றுச் சொச்சம் இருக்கும், அதைக் கழித்தால் டர்போ கூட்டிக்கொடுத்தது ஐம்பதுதான், நூற்றுப் பத்துக்கு மேல் கேட்ட இடத்தில். மாஃப் காட்டியது விநாடிக்கு 62 கிராம்.

இப்போது ஒரு கணக்கு. இதைக் கற்றுக்கொண்டால் பாதி டீசல் புகார்களைக் காகிதத்திலேயே பிரித்துவிடலாம். 2,499 சிசி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். அப்படியானால் 2,100 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 43.7 லிட்டர். 150 கிலோபாஸ்கலில், ஐம்பத்தைந்து டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.6 கிராம். சிலிண்டர் முழுக்க நிரம்பாது, எண்பத்தெட்டு சதவீதம் என்று வைத்தால் வருவது 61 கிராம் சொச்சம். மாஃப் சொன்னது 62. இரண்டும் ஒத்துப்போகின்றன.

இங்கேதான் எல்லோரும் வழுக்கியது. டர்போவுக்கு அப்புறம் எங்காவது ஹோஸ் ஓட்டையாக இருந்தால் மாஃப் வழியாக உள்ளே போகும் காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேராது. அப்போது மாஃப் எண் கணக்கில் வரும் எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரோ மாஃப் சொன்னதை நம்பி, வராத காற்றுக்கும் சேர்த்து டீசல் விடும், கறுப்புப் புகை வரும். இங்கே இரண்டு எண்ணும் ஒன்று, புகையும் பெரிதாக இல்லை. அப்படியானால் காற்று எங்கேயும் ஒழுகவில்லை, டர்போதான் காற்றைத் தள்ளவில்லை என்று முடிவு செய்வது தர்க்கப்படி சரி. டர்போ மாற்றச் சொன்னவர் திருட்டு எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் இருந்த எண்கள் அதைத்தான் சொன்னன.

ஆனால் அந்தத் தர்க்கம் மாஃப் உண்மை பேசுகிறது என்ற ஒரே காலில் நிற்கிறது. இந்த வண்டியில் புகார் ஆரம்பித்தபோது கறுப்புப் புகை இருந்தது, ஃபில்டர் மாற்றியதும் குறைந்தது. மாஃப் சென்சார் ஃபில்டருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் வர இது போதும். அதோடு, டர்போ போயிருந்தால் வேறு தடயங்களும் இருக்க வேண்டும். இன்லெட் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்ததில் முன்னும் பின்னும் ஆட்டமே இல்லை, இறக்கைகள் ஹவுசிங்கில் உரசிய கோடு இல்லை. இது உள்ளே காற்றுவழித் தகடுகளின் கோணம் மாறும் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ, அந்தக் கோணத்தை மாற்றும் ஆக்சுவேட்டர் ராடு எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் முழுத் தூரம் இழுத்தது, அணைத்ததும் திரும்பி வந்தது. நல்ல டர்போ செத்துவிட்டதென்று நம்புவதற்கு முன் ஒரு மலிவான சோதனை பாக்கி இருந்தது.

ஹோஸுக்குள் காற்று விட்டுப் பார்த்தது

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். டர்போவின் இன்லெட் ஹோஸ் அளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப், அதில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வு. ஏர் ஃபில்டர் பெட்டிப் பக்கம் கழற்றி, இந்த மூடியை ஹோஸில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் ப்ரீதர் ஹோஸை அடைத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட வேண்டும். இருபது பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. மூடிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, கழன்றால் குண்டு போல வரும்.

ஐந்து பிஎஸ்ஐயில் ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீர் அடித்தும் எங்கேயும் குமிழ் வரவில்லை. சாதாரணமாக இங்கேயே "லீக் இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். எட்டில் ஏதோ மெல்லிய சீறல், ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. பன்னிரண்டைத் தாண்டியதும் முன் பம்பருக்குப் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்க முன்னால் இருக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், வளைகிற இடத்தில் உள்பக்கம், இரும்பு பம்பரைச் சேஸிஸோடு பிடிக்கிற பிராக்கெட்டின் மூலை அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ரப்பர் பளபளப்பாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் துணி இழை வெளியே தெரிந்தது. நடுவில் ஒரு கீறல், சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தோட்டத்துச் செம்மண் ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. காற்றை நிறுத்தினால் உதடுகள் சேர்ந்து மூடிக்கொள்ளும், ஹோஸை விரலால் தடவினால்கூடத் தெரியாது. பன்னிரண்டு பிஎஸ்ஐயில் அது திறந்து சோப்பு நுரையை வெளியே துப்பியது.

அந்தப் பிசுக்குச் செம்மண் ஒரு முக்கியமான அடையாளம். டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதுமே கொஞ்சம் எண்ணெய் ஆவி இருக்கும். ஹோஸில் எங்கே காற்று ஒழுகுகிறதோ அங்கே எண்ணெயும் ஒழுகும், தூசி வந்து ஒட்டும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்க்கும் முன் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டால் இந்தத் தடயம் கழுவிப் போய்விடும். புகார் வண்டியை அழுக்கோடு கொண்டுவரச் சொல்வது அதனால்தான்.

பம்பர் போட்ட அன்று அந்தப் பிராக்கெட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்திருக்கலாம். ஆனால் எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிலேட்டர் அழுத்தும்போதெல்லாம் அது ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், அதோடு ஹோஸும் நகரும். நின்றிருக்கும் வண்டியில் இடைவெளி பார்த்து ஃபிட்டிங் செய்தால் ஓடும் வண்டியில் உரசும். சில மாதம் கழித்து "திடீரென்று" புகார் வந்ததற்கு இதுதான் காரணம்.

ஹோஸ் மாற்றியதும் பாதி வேலைதான் முடிந்தது

கம்பெனி ஹோஸ் ஒன்று வாங்கிப் போட்டு, பிராக்கெட்டின் மூலையை வெட்டித் தேய்த்துவிட்டு, மறுபடி இருபது பிஎஸ்ஐ வைத்துச் சரி பார்த்துவிட்டு அதே மேட்டில் ஓட்டினோம். இப்போது 2,100 ஆர்பிஎம்மில் அழுத்தம் 208. கேட்டது 210. டர்போ பிரமாதமாக வேலை செய்கிறது. வண்டியும் முன்பைவிட நன்றாகவே இழுத்தது. உரிமையாளர் முகம் மலர்ந்துவிட்டது, இதோடு போதும் என்றார்.

போதாது. 208 கிலோபாஸ்கலில் அதே கணக்கைப் போட்டால் விநாடிக்குச் சுமார் 85 கிராம் வர வேண்டும். மாஃப் காட்டியது 68. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

இப்போது திரும்பிப் பாருங்கள். ஹோஸ் ஒழுகியபோது உண்மையில் உள்ளே போன காற்று 62 கிராம் இல்லை, அதைவிட ஒரு பதினைந்து கிராமாவது கூடுதலாக இருந்திருக்கும். மாஃப் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒழுகிய அளவும் குறைத்துச் சொன்ன அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் கணக்கு நேராகிவிட்டது. புகையும் அதனால்தான் குறைந்தது: சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னதும் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிட்டது. ஒரு கோளாறு காட்டிக்கொடுக்க வேண்டியதை இன்னொரு கோளாறு அமுக்கிவிட்டது.

மாஃப் குறைவாக, அழுத்தம் சரியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. இஜிஆர் வால்வு முழுக்க மூடாமல் மாட்டிக்கொண்டால் எரிந்த புகையும் சிலிண்டரில் இடம் பிடிக்கும், புதுக் காற்று குறையும், இதே எண்கள்தான் வரும். முழு ஆக்சிலேட்டரில் வால்வின் நிலை பூஜ்யம் என்று காட்டியது, ஏற்கெனவே சுத்தம் செய்தது வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் கை வைத்தால் எது சரி செய்தது என்று தெரியாமல் போகும் என்பதால் மாஃபை மட்டும் முதலில் எடுத்தேன்.

சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே சின்னதாக இருக்கும் சூடான ஃபிலிமின் மேல் மெல்லிய தேன் நிறப் படலம், அதில் பொடித் தூசி. காட்டன் ஃபில்டருக்கு எண்ணெய் கொஞ்சமாகத்தான் தடவ வேண்டும், தடவி ஊற விட்டுத் துணியில் ஒற்றிவிட்டுப் போட வேண்டும். நம் ஊரில் நனையக் குளிப்பாட்டிப் போட்டுவிடுகிறார்கள். காற்று இழுக்க இழுக்க அந்த எண்ணெய் சென்சாரில் போய்ப் படியும். சூடான ஃபிலிமைக் காற்று எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த சென்சார் அளவெடுக்கிறது. மேலே எண்ணெய்ப் போர்வை இருந்தால் குளிர்ச்சி சரியாக உள்ளே போகாது, காற்று கம்மி என்று சொல்லும், அதிகக் காற்று ஓடும்போது இன்னும் மோசமாகச் சொல்லும். ஐட்லிங்கில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

மாஃப் க்ளீனர் ஸ்ப்ரே மட்டும் அடித்து, துணியோ பட்ஸோ தொடாமல், தானாகக் காய விட்டு மாட்டினேன். கார்புரேட்டர் க்ளீனர் அடிக்காதீர்கள், ஃபிலிம் கெட்டுவிடும். ஃபில்டர் பெட்டியைத் துடைத்துவிட்டுப் பேப்பர் ஃபில்டரே திரும்பப் போட்டோம். தோட்டத்து மண் சாலையில் ஓடுகிற வண்டிக்குப் பேப்பர் ஃபில்டர்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. காட்டன் ஃபில்டரில் கிடைப்பதாகச் சொல்லும் கூடுதல் காற்று இந்த எஞ்சினுக்குத் தேவையே இல்லை, அதன் டர்போ தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளும்.

அதே மேடு, அதே 2,100 ஆர்பிஎம்: அழுத்தம் 208, மாஃப் 82. கணக்கு சேர்ந்தது. இஜிஆரைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஸ்நார்கலையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். தலையைக் கழற்றி ஒரு முறை, மாட்டி ஒரு முறை பதிவு எடுத்ததில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் ஃபெண்டருக்குள் அது ஏர் பெட்டியோடு சேரும் இணைப்பில் சீலன்ட் விட்டுப்போயிருந்தது. தண்ணீரில் இறங்கினால் எஞ்சினுக்குள் நேராகத் தண்ணீர் போயிருக்கும். அதை அடைத்தோம்.

இனி டயர்

இரண்டு கோளாறும் போன பிறகு மிச்சம் இருக்கிற மந்தம் கோளாறு இல்லை, கணக்கு. அதை எந்த ட்யூனிங் பாக்ஸும் இலவசமாகத் தீர்க்காது.

245/70 ஆர்16 டயரின் குறுக்களவு 749 மில்லிமீட்டர். 285/75 ஆர்16 போட்டால் 834. பதினோரு சதவீதத்துக்கு மேல் பெரிசு. அதாவது ஒவ்வொரு கியரிலும் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை பத்து சதவீதம் குறைந்துவிட்டது. பத்துதானே என்று தோன்றும். ஆனால் மலையில் அடி அதைவிடப் பலமாக விழும். இந்த எஞ்சினின் முழு டார்க், அதாவது சுழற்றும் திறன், 320 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 1,800 முதல் 2,800 ஆர்பிஎம் வரை. அதற்குக் கீழே டர்போ இன்னும் எழுந்திருக்காது. பழைய டயரில் ஒரு வளைவை இரண்டாம் கியரில் 1,750 ஆர்பிஎம்மில் சுற்றி வந்திருந்தால் கொஞ்சம் அழுத்தியதும் டர்போ பிடித்துக்கொள்ளும். பெரிய டயரில் அதே வேகத்தில் ஆர்பிஎம் 1,575க்குப் போய்விடும். பத்து சதவீதம் குறைந்தது ஆர்பிஎம்தான், ஆனால் அந்த இடத்தில் எஞ்சினில் இருக்கிற டார்க்கே கம்மி. "அமுக்குனா ஒண்ணுமே நடக்காம இருந்துட்டு" என்று அவர் சொன்னாரே, ஹோஸ் ஓட்டை இல்லாவிட்டாலும் அதில் ஒரு பகுதி இருந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

எடையையும் ஊகிக்க வேண்டாம் என்று எடை மேடையில் ஏற்றினோம். உறவினர் ஒருவரிடம் அதே மாடல், எதையும் மாற்றாத வண்டி இருந்தது, அதையும் ஏற்றினோம். வித்தியாசம் 290 கிலோ. வெறும் வண்டியிலேயே நாலு ஆள் கூடுதலாக எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் டயரின் எடை வேறு ரகம், ஏனென்றால் அதை நகர்த்தினால் மட்டும் போதாது, சுழற்றவும் வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்திக் கிளப்பும்போது அந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும்.

மைலேஜ் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டார், அதில் பாதி மீட்டரின் வேலை. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், ஓடோமீட்டருக்கு அது தெரியாது. ஜிபிஎஸ்ஸில் 80 போகும்போது ஸ்பீடோமீட்டர் 74 காட்டியது. மீட்டர் கிலோமீட்டரை வைத்து லிட்டருக்கு ஒன்பது என்று கணக்குப் போட்டால் உண்மையில் அது பத்துக்கு அருகில். வேகக் கட்டுப்பாடு உள்ள சாலையில் இதனால் சலானும் வரும்.

பம்பரைப் பொறுத்தவரை நான் வெளிப்படையாகவே சொன்னேன். 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் க்ராஷ் கார்டு, புல் பார்களின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், முன்னால் இரும்பு இருந்தால் மோதலின் வேகம் ஏர்பேக் சென்சாருக்கு அது எதிர்பார்க்கிற மாதிரி போய்ச் சேராது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டியில் அது ஏன் வேண்டும்? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வின்ச்ச நான் ஒரு வாட்டிகூடப் பாவிக்கலைங்க தம்பி" என்றார் அப்புறம்.

பம்பரும் வின்ச்சும் ரேக்கும் இறங்கின. டயருக்குக் கம்பெனி அளவு 245/70 ஆர்16, ஆனால் ஆல்-டெரெய்ன் ரகம். மட் டயரின் கட்டைகள் அவருடைய பாதைக்குத் தேவையே இல்லை, தொண்ணூறு சதவீதம் தார்ச் சாலையில் ஓடுகிறவர். மழைக்காலத்தில் ஈரத் தார்ச் சாலையில் மட் டயரின் பிடிப்பு குறைவு, வால்பாறை மழைக்கு அது நல்லதில்லை.

எது எவ்வளவு தந்தது

சமதளத்தில் ஒரே நீட்டுச் சாலை, மூன்றாம் கியர், ஜிபிஎஸ்படி 40லிருந்து 80 கிலோமீட்டர் வேகம் வரை. வந்தபோது 17 விநாடி. ஹோஸ் மாற்றிய பிறகு 13. மாஃப் சுத்தம் செய்த பிறகு 11. டயரும் எடையும் இறங்கிய பிறகு ஒன்பதரை. உறவினரின் மாற்றாத வண்டி அதே சாலையில் ஒன்பதரைக்குச் சற்றுக் கீழே. மொத்தச் செலவில் ஹோஸும் க்ளீனரும் பேப்பர் ஃபில்டரும் சேர்த்து டர்போவுக்குச் சொன்ன தொகையில் ஒரு சின்னத் துண்டுதான். ஏழரை விநாடியில் ஆறு அதிலேயே வந்துவிட்டது. பெரிய பணம் டயருக்குப் போனது, பழைய மட் டயரை விற்றதில் அதிலும் கொஞ்சம் திரும்பியது.

ட்யூனிங் பாக்ஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஹோஸில் ஓட்டை, சென்சாரில் எண்ணெய், அதன்மேல் கூடுதல் டீசல். டர்போ இழந்த காற்றை ஈடுகட்ட ஏற்கெனவே அளவுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால், போகாத டர்போ உண்மையிலேயே போயிருக்கும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஹோஸ் கிளாம்புகளை ஒரு முறை இறுக்கிவிட்டு மறுபடி பதிவு எடுத்தோம். அழுத்தம் 209, மாஃப் 83, கோட் எதுவும் இல்லை. ஒன்பதாவது வளைவு வியூ பாயிண்ட் தாண்டி எங்கேயும் ஃபர்ஸ்ட் கியர் போட வேண்டியிருக்கவில்லை என்கிறார்.